சிவப்புக் குச்சிகள்

வளவுக்குள் சைக்கிளை உருட்டி வந்த துஷ்யந்தன் அப்படியே விறைத்துப்போய் நின்றான்.

மாமரத்தடியில் அவனுடைய நாலு வயது மகள் யாதவி குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கரண்டியால் மண்ணைப் பூப்போல வழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பு பூசிய குச்சிகள். மிதிவெடி கிடக்கிற இடத்தில் நடுகிறதைப் போலவே நட்டிருந்தன.

"பிள்ளை, அசையாதை!"

சைக்கிள் சரிந்து விழுந்த சத்தத்தில் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி சிவதர்சினி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏனப்பா கத்துறியள்? விரல் பலப்பட்டால்தான் பென்சில் பிடிக்க வருமெண்டு முன்பள்ளி ரீச்சர் சொன்னவா. மா பிசைய விட்டன், மணி கோக்க விட்டன், ஒண்டிலையும் இருக்கிறாளில்லை. அதுதான் என்ர வேலையைப் பழக்கினனான். நான் மண்ணுக்குள்ளை பொத்தானைத் தாட்டு வைப்பன், அவள் கண்டுபிடிச்சுக் குச்சி நடுவாள்."

மிதிவெடி அகற்றுகிறவளைக் கட்டினால் விளையாட்டும் இப்படித்தான் இருக்கும். அவனுக்கு மூச்சு வந்தது.

"எத்தினை தாட்டனீ?"

"ரெண்டு."

குச்சிகள் மூன்று நின்றன.

"அம்மா, இது பொத்தான் இல்லை," என்றாள் யாதவி. "பச்சையாய், வட்டமாய் இருக்கு. நான் தொடேல்லை."

சிவதர்சினி பிள்ளை போன தடத்திலேயே கால் வைத்துப் போய் அவளைத் தூக்கினாள். வந்த தடத்திலேயே பின்னால் நடந்தாள்.

போன வருசம், "எங்கட வளவை நானே பாக்கிறன்" என்று கேட்டு வாங்கி, ஒரு சாண் விடாமல் மிதிவெடி தேடி முடித்தவள் அவள்தான்.