ஆற்றோரப் பெரியவர்

"செத்தாலும் இந்த வீட்டை விட்டு வர மாட்டேன்!"

தோளில் துண்டும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்தார் பெரியவர். எதிரே கைபிசைந்து நின்றார் வெள்ளக் கணிப்புப் பொறியாளர். சுற்றியிருந்த அலுவலகமே சிரித்தது. பெரியவராக நடித்தது பொறியாளரின் மனைவி அல்லவா!

வெள்ள எச்சரிக்கையை மக்களுக்குப் புரியும்படி சொல்ல, இப்படி நடித்துக் காட்டிப் பயிற்சி தருவதுதான் அவள் வேலை. ஆனால் நாளை மாலைக்குள் ஆற்றோரத் தெரு நிஜமாகவே காலியாக வேண்டும். காலையில் பொறியாளர் போய்ப் பேசியும், அங்கே குடியிருக்கும் அவருடைய மாமனார் உட்பட ஒருவரும் அசையவில்லை.

மேசையில் கவிழ்த்து வைத்திருந்த போனை அவர் பக்கமாக நகர்த்தினாள். "பதிவாகுது. சத்தமா சொல்லுங்க தம்பி, எனக்குக் காது மந்தம்."

"ஐயா, இது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்..."

"போன வெள்ளம் வந்து பத்து வருஷம்தானே ஆச்சு? இன்னும் தொண்ணூறு வருஷம் இருக்கே!"

"அப்படிக் கணக்கில்லைங்க. விநாடிக்கு அறுபதாயிரம் கன அடி..."

"அதை அளக்க எங்க வீட்டுல பாத்திரம் இல்லையே, தம்பி!"

"அச்சு அசல் எங்க மாமனார்!" என்று பொறியாளர் நண்பர்களைப் பார்த்துச் சொன்னார். "முரண்டு ரத்தத்துல வருது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள்.

அவர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, அவள் எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்தார். "நாளைக்கு சாயங்காலம் நீங்க படுக்கிற கட்டில் முழுகிடும்ங்க. தெருவே ஆறாகிடும். அப்புறம் நாங்க வரணும்னு நினைச்சாலும் வர முடியாது. இன்னைக்கே கிளம்புங்க."

"கிளம்பி? கண்டவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றீங்களா?"

"என் வீட்டுக்கு வாங்க. முன்னறை உங்களுக்குத்தான். டிவி ரிமோட்டும் உங்க கையில."

கைதட்டல் எழுந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனைத் திருப்பி, "கேட்டுச்சாப்பா?" என்றாள்.

"பெட்டி கட்டியாச்சும்மா. ரிமோட் விஷயத்துல மட்டும் மாப்பிள்ளை பேச்சு மாறக் கூடாது!"