சொருகுற பிளக்

பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். மாதக்கணக்காகப் படுக்கையில் கிடக்கும் கணவன் அருள்பிரகாஷின் ஆக்சிஜன் மிஷின் அதன்பிறகு ஜெனரேட்டரில்தான் ஓடியாக வேண்டும். “ஜெனரேட்டர் பிளக்” என்று வனிதா கேட்டதற்கு, கடைக்காரர் சம்பந்தம் இன்ஜினுக்குள் போடும் ஸ்பார்க் பிளக்கைக் கொடுத்து அனுப்பியிருந்தார். மாற்றுவதற்கு, சாயப்பட்டறைத் தண்ணீர் சிவப்பாக ஓடும் தெருவில் மறுபடியும் ஓடினாள்.

“அண்ணா, கரண்டுக்குச் சொருகுற பிளக். ஜல்தியா குடுங்க.”

“இன்னாம்மா, ரெண்டு பேரும் வூட்ல பேசிக்கவே மாட்டீங்களா? இப்பதான் உங்க வூட்டுக்காரரு வாங்கினு போனாரு. ஒடம்பு தேவலாம் போல, நடந்தே வந்தாரு. ‘வனிதா வந்தா மெதுவா வரச் சொல்லுங்க’ன்னாரு.”

வீட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புது பிளக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. முகமூடி வழியே காற்று வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றை அவன் மூச்சு உள்ளே இழுக்கவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதங்களில், தெருவில் ஓடும் பட்டுச்சாயத் தண்ணீரின் சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது.