கை நனைக்காத சம்மந்தி

"நம்ம வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பாரா அந்த மனுஷன்? அவருக்குப் போயி…" கருவாட்டுக் குழம்பைக் கிளறியபடி லூர்து மேரி மறுபடியும் ஆரம்பித்தாள்.

"வுடு மேரி, குடுத்தது குடுத்தாச்சு," என்றார் ஆபிரகாம்.

அந்த மனுஷன் என்றால் சம்மந்தி பலராமன். மருமகள் தென்றலின் அப்பா, பென்னலூர்க்காரர். ஒரகடம் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்த மகன் அமலனும் தென்றலும் கட்டினால் ஒருவரையொருவர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, வேறு வழியில்லாமல் தலையை ஆட்டியவர். ஆனால் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் கை மட்டும் நனைக்க மாட்டார். வரும்போதே தண்ணீர் பாட்டிலும் கூட வரும். தட்டு வைத்தால், "வயிறு சரியில்ல சம்மந்தியம்மா," என்று எழுந்துவிடுவார்.

சொல்லிச் சொல்லியே அது பலித்துவிட்டது. பல் பிடுங்கியதற்குப் போட்ட மாத்திரையில் பேதி பிடித்துக்கொண்டது. மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும். ஆள் பாதியாகிவிட்டார்.

"கெட்ட கிருமியோட நல்ல கிருமியும் சேர்ந்து போயிடுச்சு. ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தரோட மலத்துலேர்ந்து நல்ல கிருமிய எடுத்து, குழாய் வழியா இவர் குடல்ல விடணும்," என்றார் டாக்டர்.

சொந்தபந்தமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நழுவியது. மனைவி கனகத்துக்குச் சர்க்கரை. தென்றலும் அமலனும் அப்போதுதான் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டிருந்தார்கள், ஆகாது. எல்லா டெஸ்ட்டிலும் தேறியது ஆபிரகாம் ஒருத்தர்தான்.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாது மாமா. தெரிஞ்சா செத்தாலும் வாணாம்னுடுவாரு," என்று தென்றல் அழுதாள்.

ரத்தம் கொடுத்தால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். இதை யாரிடம் சொல்லிக்கொள்வது? ஆபிரகாம் ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி டப்பாவோடு போய்க் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. பலராமன்தான், தனியாக வந்திருந்தார். முகத்தில் சதை பிடித்திருந்தது.

"புள்ளைங்க ஓ.டி. போயிருக்காங்கண்ணா," என்றாள் லூர்து மேரி அவசரமாக.

"தெரியும்மா. உங்களத்தான் பாக்க வந்தேன். எனக்குக் குடுத்தது யாருன்னு டாக்டர் வாயத் தொறக்க மாட்டேன்றாரு. உங்களுக்கு எதுனா தெரியுமா?"

ஆபிரகாம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். லூர்து மேரி அடுப்பைத் தணித்தாள். உண்மை தெரிந்து மனுஷன் முறுக்கிக்கொண்டு போனால், அப்பனுக்கும் மகளுக்கும் மிச்சமிருக்கிற பேச்சுவார்த்தையும் நின்றுவிடும். தென்றல் தாங்க மாட்டாள்.

"யாரோ மெட்ராஸ் ஆளாம்ணா. நல்ல குடும்பமாம்."

"நல்ல குடும்பந்தான்," என்று பலராமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இன்னா கொழம்பு?"

"நெத்திலிக் கருவாடு…" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஊத்தும்மா."

தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடியும் நீட்டினார். லூர்து மேரிக்கு சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

"இத்தோட போதும்ணா. வயித்துக்கு ஒத்துக்காம பூடப் போவுது."

"என் பொண்ணுக்குப் பொய் சொல்ல வராதும்மா. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட சொல்லவே எல்லாத்தையும் கக்கிட்டா. உங்க மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்திச்சி. அதான் வர்றதுக்கு இத்தினி நாளாயிடுச்சி."

ஆபிரகாம் இன்னும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கண் கலங்கியிருந்தது.

பலராமன் இன்னொரு கை சோற்றைப் பிசைந்தார்.

"இப்ப என் வயித்துல குடியிருக்கறது பூரா உங்க வூட்டு ஆளுங்க சம்மந்தி. தாய் வூட்டுச் சோறு வோணும்னு ஒரே ரகள பண்ணாங்க, இட்டாந்துட்டேன்."