கூப்பிடாத கீரி

ஆற்றோரக் காட்டில் வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கரைசேர்க்க ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவி நீர்நாய். வருஷாவருஷம் இளசுகளைச் சேர்த்து, நீச்சல் பழக்கி, ஒரு மழைக்காலம் வேலை வாங்கி, வாழ்த்தி அனுப்பிவிடும். போனவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருநாள் கீரி வந்து நின்றது.

“அக்கா, போன வருஷம் உங்ககிட்ட இருந்தவன். சும்மா இருக்க மனசு கேக்கல. ஏதாவது வேலை குடுங்க.”

“உன் முறைதான் முடிஞ்சுபோச்சே தம்பி. புதுசா வந்தவங்களுக்கே இங்க இடம் பத்தல.”

கீரி தலையாட்டிவிட்டுப் போனது. பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

அந்த ஐப்பசியில் பட்டப்பகலில் ஆறு பொங்கியது. நடு ஆற்றுத் திட்டில் முயல்கள் குட்டிகளோடு அலறின. புதியவர்கள் பாதி தூரத்திலேயே களைத்துத் திரும்பினார்கள். நீர்நாய்க்கு அப்போதுதான் பழையவர்கள் ஞாபகம் வந்தது. ஆனால் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. மேட்டில் ஏறிப் புதர் புதராகக் கத்திக்கொண்டு ஓடியது.

கடைசியில் ஒரு புதரிலிருந்து கீரி வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் ஆற்றுக்கு ஓடினார்கள். திட்டு இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நீர்நாய் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. “அதுங்க கத்துனது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?”

“கேட்டுச்சு அக்கா,” என்றது கீரி. “நீங்க கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தோம்.”