இன்னும் உடையாத பாகம்

"இனி எதைத்தான் உடைக்கப் போறீங்க, தாஜு? அந்த வண்டியில மிச்சம் இருக்கிறது டயருக்குள்ள காத்து மட்டும்தான்" என்றான் மெக்கானிக் கர்கே.

மானேபஞ்சாங் கடைத்தெருவில், கர்கேயின் பட்டறை வாசலில், அவன் 'தாஜு' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஜஸ்மான் ராய், ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏப்ரல் மாதம். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊரின் லேண்ட்ரோவர்கள் எல்லாம் சந்தக்பூ மலைக்குக் கிளம்பிப் போயிருந்தன.

டைரியில் ஆறு வருடப் பட்டியல். ஆக்சில் தண்டு இரண்டு முறை. வைப்பர் மோட்டார். ஹாரன். கதவுக் கைப்பிடி, இடது. கதவுக் கைப்பிடி, வலது. ஒரு சாமானுக்கு ஒரு போன் என்பது கணக்கு. இரண்டு கைப்பிடிகளையும் ஒரே போனில் கேட்டுவிடும் அளவுக்கு அவர் முட்டாள் இல்லை.

மணி ஒன்று. இன்னும் அரைமணியில் இங்கிலாந்தில் கடை திறந்துவிடும்.

ஏழு வருடம் முன்பு அவருடைய மகள் அஸ்மிதா, அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்த உமேஷ் குருங்கைக் கட்டிக்கொண்டு சீமைக்குப் போனாள். அன்று டிரைவர்கள் சங்க ஆபீஸில் இருபது பேர் முன்னால் ஜஸ்மான் சத்தியம் செய்தார், இனி மகளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று. சந்தக்பூ ஏற்றத்தில் வண்டியை ஒருநாளும் பின்னால் உருளவிடாத மனிதர், சொன்ன சொல்லையும் உருளவிட மாட்டார் என்று ஊரே நம்பியது. அவரும் நம்பித் தொலைத்தார்.

ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, அங்கே பழைய லேண்ட்ரோவர் சாமான் விற்கும் கடையில் அவளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது. கடைக்காரியிடம் சாமான் கேட்பது மகளோடு பேசுவதில் சேராது. இந்தச் சட்டத்தை அவர் விளக்கியபோது கர்கே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் வக்கீலாகியிருக்க வேண்டியவர் என்றான்.

கேட்ட சாமான், லீவில் வரும் பட்டாளத்துக்காரர் யாருடைய பெட்டியிலாவது வந்து சேரும். கர்கே அதை ஊரில் தேவைப்படும் வண்டி எதிலாவது மாட்டிவிடுவான்.

இன்று கேட்கத்தான் ஒன்றுமில்லை. கர்கே ஒரு ஜீப்புக்கு அடியில் புகுந்துகொண்டான். ஜஸ்மான் பழுப்பேறிய பாகங்கள் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு படமாக விரல் வைத்துக்கொண்டே போனார். டைரியில் இல்லாத பெயர் ஒன்று சிக்கியது. மணி ஒன்றரை ஆனதும் போனைப் போட்டார்.

"கடைக்காரம்மாவா?"

"ஆமா, டிரைவர் சார். வண்டி எப்படி இருக்கு?"

"ஓடுது."

"காலையில ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதா?"

"குளிர்ல கொஞ்சம் இருமும். அப்புறம் சரியாயிடும்."

"முன்னால இடது பக்கம் ஏதோ சத்தம் வருதுன்னீங்களே?"

ஜஸ்மான் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். "மழை வந்தா வரும். எண்ணெய் போடறேன். உங்ககிட்ட ஒரு சின்ன வண்டி இருக்கே, அது எப்படி?"

"நாலு சக்கரத்துல போயிட்டிருந்தது சார். போன வாரத்துலேர்ந்து ரெண்டே சக்கரம்தான். பிரேக்கே கிடையாது."

அவர் போனைத் தள்ளிப் பிடித்து மூக்கைச் சிந்தினார். சாமான் பெயரைச் சொல்லிவிட்டால் போன் முடிந்துவிடும். ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"கார்புரேட்டர் ஒண்ணு வேணும்."



"சார், உங்க வண்டிக்கு டீசல் எஞ்சின் மாத்தி இருபது வருஷமாச்சே. டீசலுக்கு ஏது கார்புரேட்டர்? மாத்தினப்ப பத்து வயசுல உங்க பொண்ணுதான் டார்ச் பிடிச்சான்னு கேள்வி."

ஜஸ்மானுக்குக் காது சூடாகிவிட்டது. முப்பத்தெட்டு வருட டிரைவர். ஜீப்புக்கு அடியில் கர்கேயின் கால்கள் சிரிப்பில் குலுங்கின. அது போகட்டும். இது கிடையாது என்று அவள் சொல்லிவிட்டால், அடுத்து எதைக் கேட்டுக் கூப்பிடுவது?

"அது... திரும்பப் பழைய பெட்ரோல் எஞ்சினே போட்டுடலாம்னு..."

"நல்ல யோசனை சார்." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்ப இது மட்டும் பத்தாதே. காயில், பிளக், பெட்ரோல் பம்ப்... ஒரு எஞ்சின் முழுசா வேணும். ஒவ்வொண்ணா கேளுங்க. அவசரமே இல்ல."

"சரி நானி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகளை அப்படி அழைத்து ஏழு வருடம். ஜஸ்மான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, கடைக்காரம்மா" என்று திருத்தினார். பிறகு டைரியில் புதுப் பக்கம் திருப்பி, கொட்டை எழுத்தில் 'காயில்' என்று எழுதினார்.

இங்கிலாந்தில், தன் வீட்டுச் சமையலறையில், அஸ்மிதா போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 'சின்ன வண்டி' தத்தித் தத்தி வந்து அவள் காலில் மோதி நின்றது.

"கார்புரேட்டரா? இனி அதுக்கு நான் எந்த ஊர்ல அலையறது?" என்றான் உமேஷ். "நீ அந்தக் கடையை விட்டே மூணு வருஷமாச்சு. அவர்கிட்ட சொல்லித்தான் தொலையேன்."

"சொல்றேன். அப்பா அந்த வண்டிய வித்து நாலு வருஷமாச்சுன்னு ஊரே எனக்குச் சொல்லிடுச்சு. முதல்ல அதை அவர் சொல்லட்டும், அன்னைக்கே நானும் சொல்றேன்."