சனிக்கிழமைச் சோறு

ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்தின நாள் ஆக்கிய கறியாணக் குழம்பைச் சைனம்பு கொல்லைப்பக்கம் கொண்டுபோய் நாய்க்குக் கொட்டினாள்.

மாதக்கணக்கில் சனிக்கிழமை விருந்து அந்த நாய்க்குத்தான். ஒரு நாளாவது அது ருசியைக் குறை சொன்னதில்லை.

யாருக்காக ஆக்கினாளோ அந்த வெர்னர் துரை முன்னறையில் ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் புது மெஷின் பூட்டுவதற்காக ஜெர்மனியிலிருந்து வந்தவர். முதலாளி ராவுத்தர் அவருக்குத் தங்க ஒரு பங்களாவும், சமைத்துப்போடச் சைனம்புவையும் கொடுத்திருந்தார்.

நல்ல மனிதர்தான். மற்ற நாளில் இடியாப்பமும் பாயாவும் வைத்தால் விரலைச் சூப்பிச் சாப்பிடுவார். சனிக்கிழமை வந்தால் மட்டும் தட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.

காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் முதலில் சைனம்பு நினைத்தாள்.

அவர் ஊரான பெர்லினில் டாஸ்மேனியா என்று ஒரு கால்பந்துக் கோஷ்டி. ஜெர்மனியின் பெரிய பந்தயத்திலிருந்து வேறொரு கோஷ்டியை நீக்கிவிட்டுக் கடைசி நேரத்தில் இதைச் சேர்த்தார்களாம். பந்தியில் ஓர் இலை சும்மா கிடக்கிறதே என்று தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பது போலத்தான். முதல் ஆட்டத்தில் ஜெயித்தது. அதோடு சரி. மழை போய், பனி போய், கோடையும் வந்துவிட்டது. வாரா வாரம் உதை வாங்குவதையே அது தொழிலாக வைத்திருந்தது. ஞாயிறு காலையில் ரேடியோ அதைச் சொல்லும். துரை கடுங்காப்பியைக் குடித்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவார்.

தோற்ற பிறகு சோறு இறங்கவில்லை என்றால் சரி. ஆட்டம் தொடங்கும் முன்னால் மத்தியானச் சோற்றையும் ஏன் ஒதுக்க வேண்டும்? சாவு விழுவதற்கு முன்பே யாராவது ஒப்பாரி வைப்பார்களா?

அதுவுமில்லாமல், ஆரம்பத்தில் தோற்ற நாளிலும் நன்றாகத் தின்றவர்தான். மழைக்குப் பிறகுதான் இந்தக் கூத்து.

அப்படியானால் கோளாறு தன் கைப்பக்குவத்தில்தான் என்று அவளுக்குப் பட்டது. மிளகாயைக் குறைத்தாள். தேங்காயை நிறுத்தினாள். உருளைக்கிழங்கை வெறுமனே அவித்து வைத்தாள். ஆட்டுக்கால், கோழி, விரால் மீன் எல்லாம் நாயின் வயிற்றுக்கே போயின. ஒரு நாள் எரிச்சலில் சட்டியைப் போட்டு உடைத்தாள். கண்காணாத ஊரில் எவனோ பந்தைக் கோட்டை விடுவதற்குத் தன் பிழைப்பு ஏன் நாற வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விஷயம் ராவுத்தர் காதுக்குப் போயிற்று. வந்த விருந்தாளி வாரா வாரம் பட்டினி கிடந்தால் அவர் மானம் என்னாவது? நேரிலேயே வந்து கைஜாடையில் கேட்டுப் பார்த்தார். துரை சிரித்து மழுப்பிவிட்டார். பெண்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனமில்லை போலிருக்கிறது என்று ராவுத்தர் எடுத்துக்கொண்டு, நத்தத்திலிருந்து உடையப்பன் என்ற பட்லரைப் பேசி முடித்துவிட்டார். இன்று மத்தியானத்திலிருந்து அவன் சமையல்.

புருஷன் போன பிறகு சைனம்பு வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த அடுப்பை நம்பித்தான். யாரிடம் போய் முறையிடுவது? ஆக்கி வைத்தாள், அவர் சாப்பிடவில்லை. அதற்கு மேல் பேச அவளிடம் என்ன இருக்கிறது?

முன்னறையில் நாற்காலி கவிழும் சத்தம் கேட்டது.

துரை அடுப்படிக்குள் ஓடி வந்தார். இரண்டு விரலைக் காட்டினார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர். ஜெயித்துவிட்டார்கள். சோறு வேண்டும் என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

கறியாணம்தான் நாய்க்குப் போய்விட்டதே. தனக்கென்று வைத்திருந்த தண்ணிச்சோற்றில் உப்பைப் போட்டு, வெங்காயத்தை நறுக்கிக் கொடுத்தாள். மனிதர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டியைத் துடைத்து வைத்தார். விராலைத் தொடாத வாய் பழையதை அள்ளி அள்ளித் தின்றதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து, புது பட்லரைக் கூட்டிக்கொண்டு ஷாப்புக் கணக்கப்பிள்ளை ரஹ்மத்துல்லா வந்து சேர்ந்தான். துரையின் இங்கிலீஷ் புரிகிற ஒரே ஆள் அவன்தான். துரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசினார். கேட்கக் கேட்க ரஹ்மத்துல்லாவின் முகம் சிறுத்துப்போயிற்று.

“அக்கா, ஒங்க சமையல்ல தொரைக்கு ஒரு கொறையும் இல்லையாம். ஒங்க மக உம்மு சல்மாவுக்கு மாப்ள அமையணும்னு போன மழைக்கு நோன்பு நேந்து இருந்தீகள்ல? இவுக ஏன் தண்ணிகூடக் குடிக்கலன்னு அப்பக் கேட்டாரு. நெனச்சது கூடிவரத்தான்னு சொன்னேன். வெளிய சொன்னாப் பலிக்காதுன்னும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன். அது பலிச்சு, ஒங்க மக நிக்காஹ்ல வந்து பிரியாணி தின்னுட்டுப் போன கையோட, அவரும் அவரு கோஷ்டிக்காக நேந்துக்கிட்டாராம்.”

வெள்ளைக்காரன் நோன்பு இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? சொல்லிக்கொடுத்தவனுக்கே தோன்றவில்லை.

துரை மறுபடியும் ஏதோ கேட்டார். இந்தத் தடவை சைனம்புவைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, பெரிய மரியாதையோடு கேட்டார்.

ரஹ்மத்துல்லா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“வார சனிக்கெழமை கடைசி ஆட்டமாம். அதுவும் வெளியூர்லயாம். ஒரு நாள் நோன்பு இருந்தாப் போதுமா, ரெண்டு நாளா இருக்கணுமான்னு ஒங்ககிட்டக் கேக்கச் சொல்றாரு.”

உடையப்பன் தன் கரண்டி மூட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தான்.

சைனம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அடுப்படி இனிமே இந்த பட்லரோடது தம்பி. அவுககிட்டக் கேட்டுக்கிறச் சொல்லுங்க.”