ஓ, யூ, ஜி, எச்

"இன்னிக்கு அந்தக் கரண்டியைத் தொட்டியோ, நான் மனுஷியா இருக்க மாட்டேன். கேட்டியா கங்கா?"

மகளைக் கெஞ்சுகிறோமா மிரட்டுகிறோமா என்று திரிபுரசுந்தரிக்கே தெரியவில்லை. மட்டாஞ்சேரி வீட்டுக் கூடத்தில் நாலாவது வரன் வந்து உட்கார்ந்தாயிற்று.

"தப்பாச் சொன்னா தட்டித்தானே ஆகணும்? அப்பாவோட சட்டமாக்கும் அது," என்றாள் கங்கா.

சட்டம் போட்டவர் ராமபத்ரன், மிளகு வியாபாரி. மிளகை மோந்து பார்த்தே எந்த மலைச் சரக்கு என்று சொல்லிவிடுவார். இங்கிலீஷ்தான் மூக்குக்கு எட்டாது. ஒருதரம் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஆபீசில், கடல் கொந்தளிப்பு என்று எழுதிப் போட்டிருந்த பலகையை 'ரவ் ஸீ' என்று உரக்க வாசித்துவிட்டார். "அது ரஃப், சாமி!" என்று மானேஜர் முதல் பியூன் வரை சிரித்தார்கள். ஓ, யூ, ஜி, எச் என்று நாலெழுத்து சேர்ந்து வந்தால் ஒவ்வொரு வார்த்தையிலும் ஒவ்வொரு மாதிரி வாசிக்க வேண்டுமாம். என்ன அநியாயம் இது? அநியாயமோ நியாயமோ, தன் மாப்பிள்ளை அந்த நாலெழுத்தில் தடுக்கி விழக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். வெள்ளைக்காரன் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. அவன் விட்டுப்போன பேய்க்குப் போக மனமில்லை.

பரீட்சைக்கு ஆறு வார்த்தைகள். சிலேட்டில் எழுதிக் கொடுத்தவள், எம்.ஏ. இங்கிலீஷ் படித்த கங்கா. சரியா தப்பா என்று பார்க்கிறவளும் அவள்தான். அந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? பெண் பார்க்க வந்தவர்களைப் பெண்ணே குரல் கொடுத்துத் திருத்தினால் நன்றாக இருக்காது. அதனால் தப்பு என்றால், அடுக்களையில் இருந்தபடி வெண்கல உருளியில் கரண்டியால் ஒரு தட்டு. 'டங்!' வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

மூன்று பேர் கிளம்பியாயிற்று. பம்பாய் பாங்க் ஆபீசர் சிலேட்டை இரண்டு விரலால் தொட்டு, உதட்டுக்குள் சிரித்தபடி வாசித்து, முதல் வார்த்தையிலேயே போனார். டில்லி செக்ரடேரியட்காரர் மூன்றாவதில். காபியை இரண்டு தரம் திருப்பி அனுப்பிய கோயமுத்தூர் வக்கீல் ஆறாவது வரைக்கும் வந்துவிட்டார். திரிபுரசுந்தரி குருவாயூரப்பனுக்குத் துலாபாரமே நேர்ந்துகொண்டாள். 'டங்!' வக்கீல் வாதாடிப் பார்த்தார். அப்பீல் கிடையாது என்று சொல்லிவிட்டார் ராமபத்ரன்.

கங்காவுக்கு இருபத்தேழு. "பொண்ணு பார்க்கறாளா, பி.ஏ. பரீட்சை நடத்தறாளா?" என்று தெருவே கேலி பேசியது. இதுவும் தட்டிப்போனால் இனி எவன் வருவான் என்று பெற்றவள் புலம்பிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் இருந்தவன் வெங்கிட்டு. திருப்பூணித்துறைக்காரன், துறைமுகத்தில் கிரேன் இன்ஜினீயர். பக்கத்தில் அவன் அம்மா லோகாம்பாள்.

"முதல் வார்த்தை. மரக்கொம்புன்னு அர்த்தம். வாசிங்கோ பார்ப்போம்," ராமபத்ரன் சிலேட்டை நீட்டினார்.

வெங்கிட்டு அதை நேராகப் பிடித்தான், சாய்த்துப் பிடித்தான். "போ," என்றான்.

"ஆரைடா போகச் சொல்றாய்?" என்று பதறினாள் லோகாம்பாள்.

"ஆரையும் இல்லேம்மா. வாசிச்சேன்."

அடுக்களையில் சத்தமில்லை.

மாட்டுத் தொட்டிக்கு 'த்ரூ' என்றான். சத்தமில்லை. சகதிக்கு 'ஸ்லோ.' ரொட்டி மாவுக்கு 'டஃப்.' திரிபுரசுந்தரி மகளின் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை.

ஐந்தாவது கலப்பை. வெங்கிட்டு சிலேட்டை மடியில் வைத்தான்.

"மாமா, ஒரு சம்சயம். இந்த ஜி-யையும் எச்-சையும் சொல்லவே வேண்டாம்னா பின்னே என்னத்துக்கு எழுதி வெக்கறா? எங்க போர்ட்டிலயும் இப்படி ரெண்டு பேர் உண்டு. பேர் இருக்கும், ஆள் வேலைக்கு வரமாட்டா."

அடுக்களையிலிருந்து ஒரு சத்தம்! ராமபத்ரன் திடுக்கிட்டுத் திரும்பினார். உருளி இல்லை. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தம்.

"சம்சயம் இருக்கட்டும். வார்த்தையைச் சொல்லுங்கோ."

எதையோ சொன்னான். உருளி பேசவில்லை. ஆறாவது விக்கல். நெற்றி வேர்க்க, "ஹிக்காஃப்," என்று முடித்தான். உருளியில் தட்டு விழவேயில்லை.

"பாஸ்!" ராமபத்ரன் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். "மாமி, எம்.ஏ. படிச்ச என் பொண்ணாலேயே உங்க பிள்ளைகிட்ட ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியலை, பார்த்தேளா!"

அப்போதே தாம்பூலம் மாற்றித் தை மாதத்தில் நாளும் பார்த்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகு, திரிபுரசுந்தரி அடுக்களைக்கு ஓடிவந்து மகளுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

"குருவாயூரப்பன் கண்ணைத் தொறந்துட்டான்டி! ஆறும் சரியாச் சொன்ன மாப்பிள்ளை! முன்னே வந்தாளே மூணு பேர், படிச்சுக் கிழிச்சவா, அவாளுக்கு இது தெரியலையே!"

"மெல்லப் பேசும்மா, அப்பா காதுல விழப்போறது," கங்கா கதவைச் சாத்தினாள். "இவர் சொன்னது ஆறும் தப்பு. அந்த மூணு பேராக்கும் எல்லாம் சரியாச் சொன்னது."